பன்னிரண்டு கணினிகளும் ‘இருங்க’ சாரும்

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு, மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு அந்த மனிதர் தட்டச்சுப் பயிற்சிக் கூடத்தின் மாடிப்படி ஏறி வந்தார். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. கூடத்தை நடத்திவந்த டீச்சர், வருகிறவர் மாணவராக இருந்தாலும் மின்சார மீட்டர் பார்ப்பவராக இருந்தாலும், வாசல் மேசைமேல் கிடக்கும் பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே விடுவார். வந்தவரும் எழுதினார். பெயர், நேரம், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. ‘வந்த காரியம்’ என்ற கட்டத்தில் மட்டும் ‘பார்க்க’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிப் பேனாவை மூடி வைத்தார்.

“என்னத்தைப் பாக்க?” என்றார் டீச்சர்.

“இருங்க. பாத்துட்டுத்தானே அதைச் சொல்ல முடியும்?”

கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் முந்தின நாளே எச்சரித்திருந்தார். “இருங்க சார்னு ஒருத்தர் இருக்காரு டீச்சர். செத்த கம்ப்யூட்டரை எழுப்பி உக்கார வச்சிடுவாரு. ஆனா ஒண்ணு, அவசரப்படுத்தினா பையை மாட்டிக்கிட்டுப் போயிடுவாரு.” எந்தக் கேள்விக்கும் ‘இருங்க’ என்று தொடங்கித்தான் பதில் சொல்வார் என்பதால் ஊரே சேர்ந்து வைத்த பெயர் அது. அவருடைய மனைவி இதில் ஒருபடி மேலே போவார். “கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டப்பவே ‘இருங்க, யோசிச்சுச் சொல்றேன்’னாரு. நாலு மாசம் யோசிச்சாரு. அதுக்குள்ள எனக்கு மனசு மாறியிருந்தா இப்ப நிம்மதியா இருந்திருப்பேன்” என்று சிரிக்காமல் சொல்வார்.

டீச்சருக்கு அன்று சிரிக்கும் நிலை இல்லை. தேர்வு வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கணினித் தட்டச்சுத் தேர்வு நடக்கும் கூடங்களில் பழைய இயங்குதளம் இனி ஏற்கப்படாது. அதைத் தயாரித்த நிறுவனமே கைகழுவிவிட்டது. எனவே இருபத்திரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு அதிகாரி நேரில் வருவார். புதிய இயங்குதளத்தோடும் பழைய தட்டச்சு முறை விசைப்பலகையோடும் குறைந்தது பத்துக் கணினிகள் ஓட வேண்டும். இல்லையேல் தேர்வு மையம் நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு கூடத்துக்கு மாற்றப்படும். மையம் போனால் மாணவர்களும் போவார்கள். மாணவர்கள் போனால் பத்தொன்பது ஆண்டுக் கூடம் வெறும் வாடகை அறையாகிவிடும். பெரிய கடைக்காரர் ஒருவர் வந்து பன்னிரண்டு கணினிகளையும் கண்ணாலேயே எடைபோட்டு, “இதுங்க மேல புது சிஸ்டத்தை ஏத்தினா மூச்சு வாங்கியே செத்துடும். பன்னெண்டும் புதுசா வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பன்னிரண்டு புதிய கணினி வாங்க வழியிருந்தால் டீச்சர் ஏன் நான்கு இரவு தூங்காமல் புரள்கிறார்?

இருங்க சார் துணிப்பையைத் தரையில் வைத்தார். உள்ளிருந்து ஒரு திருப்புளி, ஒரு சின்ன டார்ச், படம் வரையும் தூரிகை ஒன்று, குறுவட்டு உறை, இரண்டு பென்டிரைவ், தடித்த நோட்டு ஒன்று ஆகியவை வரிசையாக வெளியே வந்தன. ஒவ்வொரு கணினியின் மூடியையும் கழற்றித் தூரிகையால் தூசியைத் தட்டி, டார்ச் அடித்து, நோட்டில் ஒரு பக்கம் எழுதினார். முதல் கணினியிலிருந்து பன்னிரண்டாம் கணினிவரை போய்ச்சேர மதியமாகிவிட்டது. அதற்குள் டீச்சர் மூன்று முறை “என்ன சார், தேறுமா?” என்று கேட்டு, மூன்று முறையும் ஒரே பதிலை வாங்கிக்கொண்டார்.

கடைசியில் இருங்க சார் நோட்டை மூடிக்கொண்டு சொன்னார்: “தேறும். கனமான சிஸ்டத்தைத்தான் இதுங்களால தூக்க முடியாது. லினக்ஸ்னு லேசான சிஸ்டம் ஒண்ணு இருக்கு. சட்டை பேண்ட்டோட வராம வெறும் வேட்டியோட வர்ற மாதிரி. அது போதும் இதுங்களுக்கு.”

இந்த இடத்தில் அவருடைய பூர்வகதையைச் சொல்லிவிட வேண்டும். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவர், அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் பழைய கணினிகளை உடைக்கும் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தவர். அலுவலகங்கள் கழித்துப்போட்டவை லாரியில் வரும். தகரம் தனி, செம்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரிப்பது அவர் வேலை. ஒருநாள் உடைப்பதற்குமுன் சும்மா ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார், அது எழுந்தது. அடுத்ததும் எழுந்தது. அன்று வந்த நாற்பதில் இருபத்தாறு உயிரோடு இருந்தன. மறுநாளிலிருந்து சுத்தியலைத் தொடக் கை வரவில்லை. மேலாளர், “உனக்குக் குடுத்தது உடைக்கிற வேலை, வைத்தியம் பாக்குற வேலை இல்ல” என்றார். “அதான் சார், வைத்தியத்துக்கே போயிடலாம்னு பாக்குறேன்” என்று சொல்லி வெளியே வந்தவர், சைக்கிள் கடை ஒன்றின் மேல் மாடியில் ஒற்றை அறையை எடுத்துக்கொண்டார். அந்த அறையில் எப்போதும் முப்பது கணினிகளுக்குக் குறையாமல் படுத்திருக்கும். உட்காருவதற்கென்று ஒரு நாற்காலி உண்டு; அதன்மேலும் ஒரு மானிட்டர் உட்கார்ந்திருக்கும்.

அவருடைய வேலைமுறையில் ஒரு சட்டம் இருந்தது. எந்த இயங்குதளத்தையும் உடனே நிறுவ மாட்டார். குறுவட்டிலிருந்தே ஓடவிட்டு, கணினியின் வட்டைத் தொடாமல், உரிமையாளர் ஒரு முழுநாள் அதில் வேலை செய்து பார்த்தாக வேண்டும். “வாடகைக்கு வீடு பாக்குறோம். பெட்டி படுக்கையை இறக்குறதுக்கு முன்னாடி குழாயில தண்ணி வருதா, ஜன்னல் சாத்துதான்னு பாக்க மாட்டோமா? அது மாதிரிதான்” என்பார். டீச்சருக்கு இந்த ஒழுங்கு பிடித்துப்போயிற்று. அவரும் பாடத்தின் முதல் வாரம் முழுக்க ஒரே வரியை அடிக்கவைக்கிறவர்தான்.

ஆனால் முதல் குறுவட்டைப் போட்ட உடனேயே ஒரு தடை வந்தது. கணினி தொடங்கும் நொடியில் மேல்வரிசையிலுள்ள எஃப்-12 விசையைத் தட்ட வேண்டும். இருங்க சார் விசைப்பலகையைக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

மாணவர்கள் விசைகளைப் பார்த்து அடிக்கக் கூடாது என்பது டீச்சரின் கொள்கை. ஆகவே பன்னிரண்டு விசைப்பலகைகளிலும் ஒவ்வொரு விசைமேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டியிருந்தார். கொள்கை என்று வந்துவிட்டால் விலக்கு வைக்காதவர். எண்களையும் மேல்வரிசையையும்கூட விட்டுவைக்கவில்லை.

“டீச்சர், இது என்ன இது, எல்லாத்துக்கும் துக்கம் அனுஷ்டிக்கிற மாதிரி?”

“எந்த விசை வேணும், சொல்லுங்க.”

“இருங்க, இடது பக்கத்துலேருந்து எண்ணிப் பாக்…”

அவர் எண்ணத் தொடங்குமுன் டீச்சரின் விரல் போய்த் தட்டிவிட்டுத் திரும்பியிருந்தது. திரையில் பட்டியல் வந்தது. இருங்க சார் ஆட்காட்டி விரல்கள் இரண்டால் மட்டுமே அடிப்பவர். அதுவும் ஒவ்வொரு எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து, கிடைத்ததும் ‘இங்கதான் இருக்கியா’ என்பதுபோல அழுத்துபவர். தன் அறையிலிருந்து எழுத்துள்ள விசைப்பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். இந்தக் கணினிகளின் சின்ன உருண்டைத் துளையில் அதன் பழங்காலத் தடித்த முனை நுழைய மறுத்துவிட்டது. ஆகவே அன்றே வேலை பிரிக்கப்பட்டது: மூளை அவருடையது, விரல் டீச்சருடையது.

டீச்சரின் தங்கை வங்கி ஒன்றில் வேலை பார்ப்பவர். மதிய இடைவேளையில் டீக்குடுவையோடு வந்து அக்காளை வம்புக்கிழுப்பது அவருக்குச் சாப்பாட்டைவிடப் பிடித்தமானது. இந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, “அக்கா, அவரு ‘இருங்க’ங்கிறாரு, நீ இருக்க மாட்டேங்கிற. பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் சேந்து வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு. பாத்து, எங்கயாவது முட்டிடப் போறீங்க” என்றார்.

“உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதாடி?”

“வரும்கா. முதல்ல டீயைக் குடி.”

சோதனை ஓட்டத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டிருந்த கணினி ஒன்றரை நிமிடத்தில் எழுந்து நின்றது. ஆனால் டீச்சர் உட்கார்ந்து முதல் பத்தியை அடித்ததும் முகம் சுருங்கியது. இயங்குதளத்தோடு வந்த தமிழ் விசைப்பலகை, அவர் கற்பிக்கும் பழைய தட்டச்சு முறைக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியது. அந்தக் ‘கிட்டத்தட்ட’தான் சிக்கல். முப்பத்தெட்டு மாணவர்களின் எழுபத்தாறு கைகளும் பழைய முறையில் பழகியவை. நிமிடத்துக்கு முப்பது சொல் அடிக்கிறவரை நடுவில் ஒரே ஒரு விசை ஏமாற்றினாலும் அந்த வரியே குப்புற விழும்.

அடுத்த மூன்று நாளும் இதற்கே சரியாகப் போயின. முதல் கணினியில் மட்டும் இயங்குதளத்தை முழுதாக நிறுவிவிட்டு, இருங்க சார் அதன் விசைப்பலகைக் கோப்பைத் திறக்கவைத்து வரிவரியாகத் திருத்தம் சொல்வார், டீச்சர் அடித்துப் பார்த்து, “சுண்டுவிரல் மேல்வரிசை தப்பு” என்பார், மறுபடி திருத்தம் சொல்வார். ஒவ்வொரு சோதனைக்கும் இடையே ‘இருங்க’ ஒன்று விழும். பதினாறாம் தேதி மாலை டீச்சர் ஒரு முழுப்பக்கத்தை ஒரே மூச்சில் அடித்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, “இப்ப இது என்னோட கீபோர்டு” என்றார்.

இனி மற்ற பதினொன்றிலும் ஏற்ற வேண்டும். எந்த வழியில் ஏற்றுவது என்பதுதான் கேள்வி. பதினேழாம் தேதி அவர்கள் இருவரும் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டீச்சரின் கணவர், தனியார் மருத்துவமனை ஒன்றின் பண்டகசாலைக் காப்பாளர், மனைவியை அழைத்துப்போக வந்தவர், அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எல்லாத்துக்கும் ஒரே சிடியைப் போட்டு வரிசையா ஏத்திட வேண்டியதுதானே? இதுல என்ன ஆலோசனை?” என்றார் கணவர்.

“இருங்க சார். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒவ்வொரு வாய். எந்த வாயால சாப்பிடுதோ அந்த வாயாலதான் ஊட்டணும்.” நோட்டைத் திருப்பிக் காட்டினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, இந்த அஞ்சுக்கும் சிடி டிரைவ் நல்லா இருக்கு. நாலு, ஏழு ரெண்டும் சிடியை வாங்கி மென்னு துப்பிடும். பென்டிரைவ்ல குடுத்தா சமத்தா முழுங்கிடும். எட்டும் ஒம்பதும் ரெண்டையும் தொடாது. ஆனா லேன் கேபிளைச் செருகினா, பக்கத்து மிஷின் பரிமாறப் பரிமாறச் சாப்பிடும்.”

“பத்து, பதினொண்ணு, பன்னெண்டு?”

“அதுங்களுக்கு வாயே இல்லை. வயித்தைத் திறந்து ஹார்டுடிஸ்க்கை வெளிய எடுத்து, முதல் மிஷின்ல ரெண்டாவதா மாட்டி, அங்கயே ஏத்தி, திரும்ப வயித்துக்குள்ள வச்சுத் தைக்கணும்.”

“எங்க ஆஸ்பத்திரியில இதுக்குத் தனி வார்டே இருக்கு” என்றார் கணவர்.

டீச்சர் எளிதானதிலிருந்து தொடங்கலாம் என்றார். இருங்க சார் ஒப்பவில்லை. எளிதானவை எப்போது வேண்டுமானாலும் முடியும். வாயில்லாத மூன்றையும் கடைசிக்குத் தள்ளினால் கடைசி நாளன்று அவை மூன்றும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். ஆகவே முதலில் அறுவைச் சிகிச்சை, பிறகு மற்றவை என்பது அவர் கட்சி. வாதத்தில் பிசிறில்லை. டீச்சர் தலையாட்டினார். இடையில் பதினெட்டாம் தேதி முழுவதும் மின்தடை. பத்தொன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினார்கள்.

முதல் கணினி மூடியில்லாமல் மேசைமேல் நின்றது. பத்தாம் கணினியின் வட்டு அதன் பக்கத்தில் கம்பியோடு பிணைக்கப்பட்டுக் கிடந்தது. குறுவட்டு சுழன்றது. திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் வந்தன. இருங்க சாருக்குத் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் உண்டு. கண்ணை நம்பாமல் காதையும் சாட்சிக்கு வைத்துக்கொள்வார்.

“எந்த டிஸ்க்குல ஏத்தணும்னு கேக்குது. ஒண்ணு… அது நம்ம தாய். ரெண்டு…”

தட்டச்சு ஆசிரியையின் விரல்கள் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பழகிய பழக்கம் ஒன்று உண்டு. யாராவது படித்தால் அவை அடிக்கும். கேட்பது காது, அடிப்பது விரல். நடுவில் மனம் குறுக்கிடக் கூடாது என்றுதான் அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். ‘ஒண்ணு’ என்ற சொல் விழுந்ததும் விரல் ஒன்றை அடித்தது. இருங்க சார் சற்று நிறுத்தியதும், வரி முடிந்ததென்று வலது சுண்டுவிரல் என்டரைத் தட்டியது. அவர் இன்னும் பழைய வரியிலேயே கண்ணை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு, அது பத்தாம் நம்பரோடது. கீழ என்ன போட்டிருக்கு? இருக்கிறதெல்லாம் அழிஞ்சுபோகும், சம்மதம்னா யெஸ்னு அடி…”

விரல்கள் அதையும் அடித்தன.

“இருங்க!” என்றார் அவர். அவருடைய வாழ்க்கையில் அந்தச் சொல் காலம் தாழ்ந்து வந்தது அந்த ஒருமுறைதான். திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. முதல் கணினி, மூன்று நாள் உழைத்துத் திருத்திய விசைப்பலகைக் கோப்போடு, ஒழுங்காகவும் முழுமையாகவும் தன்னைத் துடைத்துக்கொண்டிருந்தது. டீச்சரின் பாடங்கள் தாளில் இருந்தன, அவற்றுக்குக் கவலையில்லை. கோப்புக்கு நகல் இல்லை. முதல் அறுவை முடிந்ததும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாமென்று இருங்க சார் நினைத்திருந்தார்.

டீச்சருக்குக் கையை விசைகளிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அதே சமயத்தில் வாசலில் அரவம் கேட்டது. எட்டரை மணி வகுப்பு மாணவர்கள் ஆறேழு பேர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். அன்று வங்கிக்குப் போகும் வழியில் எட்டிப்பார்த்த தங்கையும் அவர்களுக்குப் பின்னால் நின்றார். ஒரு தவறான விசைக்கு ஒரு மதிப்பெண் என்று தயவில்லாமல் கழிக்கிற ஆசிரியை, திரையைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஆச்சு?” என்றார் தங்கை.

இருங்க சார் வாசலையும் பார்த்தார், டீச்சரின் கைகளையும் பார்த்தார். இந்தத் தடவை யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. “தப்பு என்னோடதும்மா. தப்பான டிஸ்க்கைச் சொல்லிட்டேன். மூணு நாள் வேலை போச்சு” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு நோட்டைத் திறந்து, ‘இனி வாய்விட்டுப் படிக்கக் கூடாது’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

டீச்சர் வாயைத் திறந்தார். மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

மீதி இருந்தது மூன்றே நாள். கோப்பை மறுபடி மூன்று நாள் உட்கார்ந்து திருத்தினால், இருபத்திரண்டாம் தேதி காலை ஒரே ஒரு கணினிதான் தயாராக இருக்கும். இருங்க சார் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கட்டம் கட்டமாக வரைந்தார்.

“டீச்சர், மிஷினை விடுங்க. அது மறந்துடுச்சு. உங்க விரல் மறந்திருக்காது. மேசை மேல அடிங்க.”

“மேசை மேலயா?”

“கண்ணை மூடிக்குங்க. இடது சுண்டுவிரல், மேல்வரிசை. எந்த எழுத்து?”

டீச்சர் கண்ணை மூடி வெறும் மேசையில் விரல்களை வைத்தார். விரல் தட்டியது; வாய் எழுத்தைச் சொன்னது; இருங்க சார் கட்டத்தில் குறித்தார். முதலில் தயங்கிய விரல்கள் கொஞ்ச நேரத்தில் வேகமெடுத்தன. “மெதுவா, மெதுவா, எனக்கு ஒரு கைதான் எழுதுது” என்று அவர் கெஞ்ச வேண்டியதாயிற்று. மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பெண், “டீச்சர், நிஜமாவே மேசையில கீபோர்டு தெரியுதா?” என்று கேட்டாள். “உனக்கும் தெரியணும். தெரியலன்னா உக்காந்து அடி” என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமலே.

ஒரு மணி நாற்பது நிமிடத்தில் தாள் நிறைந்தது. முன்பு தடவித் தடவிக் கண்டுபிடித்தவை இப்போது வரிசையாகக் கையில் இருந்ததால், அன்று மாலைக்குள் கோப்பு மறுபடி உருவாகிவிட்டது. உடனே இரண்டு பென்டிரைவிலும், ஒரு குறுவட்டிலும், போதாததற்கு ஜெராக்ஸ் கடைக்காரரின் கணினியிலும் அதற்கு நகல் எடுக்கப்பட்டது. பிறகு வாயில்லாத மூன்றுக்கும் அறுவை நடந்தது. இந்தமுறை முதல் கணினியின் வட்டை முதலிலேயே கழற்றி டீச்சரின் கைப்பையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இருங்க சார் உதட்டை இறுக மூடிக்கொண்டு, வேண்டிய எண்ணை விரலால் மட்டும் காட்டினார். கேபிள் வழியே இரண்டு, பென்டிரைவ் வழியே இரண்டு, குறுவட்டில் மிச்சம். இருபத்தொன்றாம் தேதி பிற்பகல் நான்கு மணிக்குப் பன்னிரண்டு திரைகளும் ஒரே மாதிரி நீலமாக ஒளிர்ந்தன. கணவர் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிவந்து ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டார். “பேஷண்ட் பன்னெண்டு பேரும் நலம்” என்றார்.

அதிகாரி மறுநாள் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். பதிவேட்டில் அவரையும் கையெழுத்துப் போடவைத்தார் டீச்சர். அவர் முகம் கொஞ்சம் கோணியது. வரிசையாக எண்ணிக்கொண்டே போனார். நான்காம் கணினி, அவர் அருகில் வந்ததும், என்ன கோபமோ, உறைந்து நின்றுவிட்டது. டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது. மீதியையும் எண்ணி முடித்துப் “பதினொண்ணு” என்று எழுதிக்கொண்டு, “பத்துதான் கேட்டோம்” என்றார் அதிகாரி பெருந்தன்மையாக.

பிறகு தானே சோதிப்பதாகச் சொல்லி ஆறாம் கணினிமுன் உட்கார்ந்தார். சட்டைக்கையை மடித்துவிட்டார். குனிந்து பார்த்தார். அதிகாரி விசைப்பலகையைப் பார்த்தார். விசைப்பலகை அதிகாரியைப் பார்த்தது. கறுப்புச் சதுரங்களுக்கு நடுவே அவருடைய விரல்கள் சற்றுநேரம் அந்தரத்தில் நின்றன.

“ம்… மாணவர் யாராவது அடிச்சுக் காட்டினா நல்லா இருக்கும்” என்று எழுந்துகொண்டார்.

மேசையில் கீபோர்டு தெரிகிறதா என்று கேட்ட பெண்ணே உட்கார்ந்தாள். ஒரு பத்தி முழுக்க அடித்தாள். இரண்டு பிழை. டீச்சர் பழக்கதோஷத்தில் இரண்டு மதிப்பெண் கழித்துச் சொன்னார். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மையம் நிலைத்தது.

அன்று மாலை டீச்சரின் வீட்டில் எல்லோரும் கூடிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, கணவர் சாதாரணமாக ஒன்றைச் சொன்னார். “எங்க ஆஸ்பத்திரியிலயும் எட்டு பழைய மிஷின் கிடக்கு. உங்க இருங்க சார்கிட்டயே குடுக்கலாம்னு மேல கேட்டேன். அன்னிக்கு டிஸ்க்கை அழிச்ச கதை அங்க யார் மூலமாவோ போயிருக்கு. பேஷண்ட் ரிக்கார்டு இருக்கிற மிஷின், வேண்டாம்னுட்டாங்க. நானும் வற்புறுத்தல. நல்ல மனுசன்தான், ஆனா கை தவறுற ஆளுன்னு ஆயிடுச்சே.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீச்சர் தம்ளரைக் கழுவுவதற்கென்று எழுந்து உள்ளே போனார். ஏற்கெனவே கழுவிய தம்ளரை இன்னொரு முறை கழுவினார்.

அந்த மௌனத்தை அவர் எட்டு மாதம் சுமந்தார். நவம்பரில் ஒருநாள், கணவரும் தங்கையும் ஒன்றாக இருந்தபோது, எந்த முன்னுரையுமில்லாமல், “அந்த ஒண்ணை அடிச்சது நான்தான். அவரு ஒண்ணும் பண்ணல” என்று போட்டு உடைத்தார்.

 தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அக்கா, இது எனக்கு அன்னிக்கே தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் ஊர் பூராத் தேடி அடிக்கிற மனுசன், எழுத்தே இல்லாத கீபோர்டுல அவ்வளவு வேகமா ஒரு தப்பைப் பண்ண முடியுமா? அவரு தப்புப் பண்ணணும்னா அதுக்கே அரை நாள் ஆகும்!”

“அப்ப ஏண்டி சொல்லல?”

“அவரே ஏத்துக்கிட்டாரு. நீயும் பேசாம இருந்த. நடுவுல நான் யாரு?”

கணவர் மறுநாளே மேலிடத்தில் உண்மையைச் சொன்னார். மனைவியின் பெயரைச் சொல்லவேண்டி வந்ததற்காகக் கொஞ்சம் கூச்சப்பட்டார், ஆனால் சொன்னார். எட்டுக் கணினிகளில் ஐந்து அதற்குள் வேறொருவர் கைக்குப் போய்விட்டிருந்தன. மிச்சமிருந்த மூன்றும் இருங்க சாரிடம் வந்தன. “மூணுக்கும் வாய் நல்லா இருக்கு” என்று மகிழ்ச்சியோடு நோட்டில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டார். ஏன் வந்தன, ஏன் முன்பே வரவில்லை என்று அவர் விசாரிக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் கணினிகளைத் தூசிதட்ட வந்தபோது டீச்சர் அவரை நேருக்கு நேராக நிறுத்தினார். “சார், அன்னிக்குப் புள்ளைங்க முன்னாடி நீங்க என் மானத்தைக் காப்பாத்தினீங்க. அதனால உங்களுக்குத்தான் நஷ்டம். இதுக்கு நான் என்ன…”

“இந்த நட்டைக் கொஞ்சம் பிடிங்க டீச்சர், உருண்டுடும்” என்று அவர் டீச்சரின் உள்ளங்கையில் ஒரு சின்ன நட்டை வைத்துவிட்டு, பன்னிரண்டாம் கணினியின் மூடிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். வெளியே வந்தபோது பேச்சு மின்விசிறியைப் பற்றியதாக மாறியிருந்தது.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அவர் அந்தக் கூடத்துக்கு வந்துபோனார். ஒவ்வொரு முறையும் டீச்சர் ஏதாவதொரு வகையில் அந்தப் பேச்சை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கையில் ஒரு நட்டோ, கம்பியோ, தூரிகையோ கொடுக்கப்பட்டது. அவர் கூலியைக் கறாராக வாங்கிக்கொண்டார்; டீயைச் சூடு ஆறினால் திருப்பி அனுப்பினார்; வர நேரமானதற்குத் தானே காரணம் என்றாலும் பதிவேட்டின் கடிகாரத்தோடு சண்டை போட்டார். டீச்சர் தனக்குப் பட்டிருந்த அந்த ஒற்றைக் கடனை மட்டும் அவர் ஒருநாளும் கேட்கவில்லை.